ரெனால்ட் மேஸ்திரியின் மீசையும் ஒரு படகும்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, படகு ரிப்பேர் பார்க்க ஆள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேலி செய்கிறீர்கள் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ரெனால்ட் மேஸ்திரி வீட்டுக்கு வழி சொல்லி, ஆட்டோவும் பேசிவிடுவார்கள். பாலாறு ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது; அந்த மணலில் பையன்கள் ரன் எடுக்க ஓடுவார்கள், லாரிகள் ஓடும், தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் அதைக் கதையாகச் சொல்வார்கள். ரெனால்டுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் இரண்டாயிரத்துக்குப் பிறகு எப்போது போனாலும் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் மலை ஏரியிலிருந்து இறங்கி வந்த மிதிபடகு ஒன்றாவது கவிழ்ந்து கிடக்கும். அன்னப்பறவை மாதிரிச் செய்த படகு ஒன்று, கழுத்தில் கோடு விழுந்து வந்து, ஒரு மாதம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை நலம் விசாரிக்கப் பழகிவிட்டார்கள்.

இந்த வித்தை அவருக்குச் சும்மா வரவில்லை. ஒரு மீசையைக் கொடுத்துத்தான் வந்தது.

அந்த மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளில் அப்துல் கரீம் முதலாளியின் தோல் தொழிற்சாலையில், ஃபினிஷிங் செக்‌ஷனில், ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் ரெனால்டுதான் மூத்தவர். ஆட்டுத் தோலில் முள் கீறியிருக்கும், உண்ணி கடித்திருக்கும். அதையெல்லாம் நிரவி, கலர் அடித்து, மினுக்கி, அந்த ஆடு பிறந்ததிலிருந்து பட்டு மெத்தையில் படுத்திருந்தது என்று வெளிநாட்டுக்காரன் நம்பும்படி செய்வது அவர் வேலை. அடிபட்ட இடத்தை ஒருபோதும் தோண்டாதே, மூடு என்பது அவருடைய வேதம். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் அதன் மேல் காலண்டர் மாட்டுவார். சொந்தக்காரர்களுக்குள் மனக்கசப்பு என்றால், அதைப் பற்றிப் பேசாமலே எல்லோரையும் உட்காரவைத்துப் பிரியாணி போட்டு முடித்துவிடுவார். பங்குக் கோயிலில் மூக்கு உடைந்த சம்மனசு என்கிற தேவதூதர் சிலைக்கு அவர் வைத்த மூக்கு, மற்ற சம்மனசுகளின் மூக்கைவிட எடுப்பாக இருந்தது.

அதே வேதப்படிதான் மீசையும். எட்டு வயதில், பக்கத்து வீட்டில் பக்ரீத்துக்குக் கட்டியிருந்த ஒரு கிடாவை இவர் வம்புக்கு இழுத்தார். கிடா ஒரே முட்டில் மேலுதட்டைப் பிளந்துவிட்டது. அம்மா ஒரு பிடி காப்பித்தூளை அள்ளி வைத்து அமுக்கினார், ரத்தம் நின்றது, வைத்தியம் முடிந்தது. உதடு தானாகக் கூடியது, ஆனால் கூடின இடம் மேடும் பள்ளமுமாக, மூக்கிலிருந்து வாய்வரை ஒரு கோடாக நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அவர் இன்றைக்கும் வருத்தப்படுவார். பதினேழு வயதில் மீசை அரும்பியபோது தெருவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். அன்றிலிருந்து அது அடர்த்தியாக, உதட்டுக்கே கூரை போட்டது மாதிரி வளர்ந்தது. பெண் பார்க்கப் போனதும் மீசையோடு, கல்யாண போட்டோவும் மீசையோடு. மனைவி ஜெயசீலி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர்; தினமும் காயத்திலும் கட்டிலும் புழங்குகிறவள். அவள் கண்ணில் மட்டும் அந்தக் கோடு படக்கூடாது என்று இருபது வருஷமாக மீசையைக் காப்பாற்றி வந்தார். சவரக்காரர் கத்தரியை எடுத்தாலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் படகு வந்து சேர்ந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு. கரீம் முதலாளியின் சென்னைக் கூட்டாளி ஒருவர் தொழிலை ஏறக்கட்டிவிட்டுப் போகும்போது, நட்புக்கு அடையாளமாகத் தன் ஃபைபர் படகை அனுப்பிவைத்தார். வெள்ளை வெளேரென்று, எட்டுப் பேர் உட்காரலாம். எங்கே விடுவது என்று முதலாளி யோசிக்கவில்லை. ஆற்றில் ஒரு நாள் தண்ணீர் வராமலா போய்விடும், வந்தால் ஊரில் படகு இருப்பது நம் ஒருவரிடம்தான் என்று சொல்லிச் சிரித்தார். தோல்களை அடுக்கிவைக்கிற மரக் குதிரைகள் இரண்டின் மேல் படகைத் தூக்கி வைத்தார்கள். ஆட்கள் மத்தியானம் அதற்குள் ஏறி உட்கார்ந்து சோறு தின்றார்கள். மாசி வெயில் ஏற ஏற, படகின் முகப்பில் மயிரிழை மயிரிழையாகக் கோடு விழுந்தது. சிலந்தி வலை மாதிரி பரவியது. பக்ரீத்துக்குச் சென்னையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்டவேண்டிய படகு இது. முதலாளி பேஜாராகிவிட்டார்.

காசிமேட்டிலிருந்து கோபி என்று ஒரு ஃபைபர் வேலைக்காரரை வரவழைத்தார். கோபி படகைச் சுற்றி வந்து, இரண்டே இடத்தில் முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்தால் கனமெல்லாம் அங்கேதான் இறங்கும், உள்ளே ஏறிக் குதித்தால் மேல் பூச்சு வெடிக்கத்தான் செய்யும் என்றார். வைத்தியமும் சொன்னார். கூரான கத்தியால் ஒவ்வொரு கோட்டையும் அதன் போக்கிலேயே கீறி அகலப்படுத்த வேண்டும். ஈரமும் தூசியும் இல்லாமல் துடைக்க வேண்டும். ஜெல்கோட் என்ற பசையில் அதை இறுகவைக்கிற ஹார்டனர் சில சொட்டு கலந்து அந்தப் பள்ளத்தில் ஊற்றி, காற்றுப் படாமல் கண்ணாடிப் பேப்பர் ஒட்டி, இறுகியதும் தண்ணீர் விட்டுத் தேய்த்து மினுக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த ரெனால்ட் படகுக்கும் கோபிக்கும் நடுவில் வந்து நின்றார். மயிரிழைக் கோட்டை வாய்க்கால் ஆக்கச் சொல்கிறானே இந்த ஆள்!

"நல்லாகீற தோல எவனாச்சும் அறுப்பானா?" என்றார்.

"இது தோல் இல்லீங்க," என்றார் கோபி.

ஃபினிஷிங் செக்‌ஷனில் அப்படியெல்லாம் பேசக்கூடாது. ரெனால்ட் முதலாளியிடம் போய், வெட்டாமல் கொத்தாமல் தானே சரிசெய்வதாகச் சொன்னார். இருபது வருஷமாகத் தன் தோலெல்லாம் அவர் கையால்தான் அழகாகியிருக்கிறது என்று முதலாளிக்கு நம்பிக்கை. கோபி கொண்டுவந்த ஜெல்கோட் டப்பாவை முதலாளி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அவரைச் சாப்பிடவைத்து ரயில் ஏற்றினார்.

ரெனால்ட் படகுக்குத் தோல் வைத்தியம் செய்தார். கோடுகளைத் தோல் நிரவுகிற மாவால் அடைத்தார். வெள்ளைப் பிக்மென்ட்டைக் கேசீனில் கலந்து ஸ்ப்ரே அடித்தார். கேசீன் என்பது பாலில் இருந்து எடுக்கிற ஒரு பசை; தோலுக்குப் பளபளப்பு தருவதில் அதற்கு இணை கிடையாது. அது தண்ணீரில் கரையாமல் இருக்க மேலே ஃபார்மலின் அடிக்க வேண்டும், அதையும் அடித்தார், எல்லோருக்கும் கண் எரிந்தது. காய்ந்ததும் பார்த்தால் படகு புதிதாகப் பிறந்தது மாதிரி இருந்தது. முதலாளி தடவிப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்.

அந்த நேரம் பார்த்து நயீம் அகமது வந்தார். நயீம் பாய் தரம் பிரிக்கிறவர். தோலை, வெயில் நேராக விழாத வடக்கு வெளிச்சத்தில் விரித்து, குறையைக் கண்டுபிடித்து, சாக்பீஸால் வட்டம் போட்டு, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று பிரித்துப் போடுவார். குறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவரும் குறையை மறைத்துச் சம்பளம் வாங்குகிறவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் எப்படி இருக்கும்? ரெனால்ட் ஃபர்ஸ்ட் என்று அனுப்பியதை நயீம் செகண்ட் என்று திருப்புவார். செகண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ரெனால்ட் சண்டைக்குப் போவார். இரண்டு பேரும் டீ மட்டும் ஒன்றாகத்தான் குடிப்பார்கள். நயீம் பாய் சாக்பீஸும் கையுமாகப் படகைச் சுற்றி வந்தார். வட்டம் போட ஒரு இடமும் கிடைக்கவில்லை. கடைசியில், இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பக்ரீத்வரை தாங்காது என்றார்.

டீ கிளாஸோடு செக்‌ஷனே கூடி நின்றது. ரெனால்டுக்கு நாக்கில் சனி.

"பக்ரீத் மறுநாள் இதுல ஒரு கோடு தெரிஞ்சா, என் மீசைய எடுத்துடறேன் பாய்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கை தானாக மேலுதட்டைப் பொத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராவது நாள் முகப்பில் ஒரு கோடு எட்டிப் பார்த்தது. உள்ளே பிளவு அப்படியே இருக்க, மேலே எதைப் பூசினால் என்ன? ஆனால் அப்படி யோசிக்கிற நிலையில் ரெனால்ட் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகைக்கு முதலாளி, நயீம் பாய், பாதி செக்‌ஷன் எல்லோரும் போய்விடுவார்கள். மீதிப் பேர் சோற்றுப் பொட்டலத்தோடு மர நிழலுக்குப் போய்விடுவார்கள். அந்த இடைவெளியில் ரெனால்ட் சட்டென்று மேல் பூச்சாக ஒரு கோட் கேசீன் அடித்துவிடுவார். ஃபார்மலின் மட்டும் அடிக்கவில்லை. அடித்தால் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்குக் கண் எரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கடுத்த வெள்ளியும் கோடு தெரிந்தது, அதற்கடுத்த கோட் ஏறியது. ஒரு தொழுகைக்கு ஒரு கோட் என்று கணக்கு.

உள்ளே ஏறிக் குதித்தால் பூச்சு வெடிக்கும் என்று கோபி சொன்னது நினைவு வந்து, படகுக்குள் சோறு தின்கிற ஆட்களை விரட்டினார். ஏன் என்று கேட்டார்கள். காரணம் சொன்னால் கோடு விழுந்தது தெரிந்துவிடும். ஆகவே படகில் சோறு தின்றால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு சாஸ்திரத்தைப் புதிதாகக் கட்டிவிட்டார். ஆனது என்னவென்றால், அடுத்த வாரத்திலிருந்து சிலர் படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒருத்தர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

பக்ரீத் நெருங்க நெருங்கப் படகு ஒரு சுற்று பெருத்துவிட்டது. முனைகள் எல்லாம் மழுங்கி, புளித்த மாவு மாதிரி மெத்தென்று ஆனது. ஒரு நாள் நயீம் பாய் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ரேகை பதிந்தது. கன்றுக்குட்டித் தோல் மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாரே தவிர, வட்டம் போட அப்போதும் வழியில்லை. ரெனால்ட் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. ஜெயசீலி ஒரு இட்லி கூடுதலாக வைத்தால், மீசையைத் தடவிக்கொண்டே வேண்டாம் என்பார். இரவில் என்ன புலம்புகிறீர்கள் என்று கேட்டாள். தொழிற்சாலையில் வேலை ஜாஸ்தி என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு ஒரு பொய் பெரிதா?

பக்ரீத் வந்தது. மறுநாள் உப்புப் போட்ட தோல்கள் லாரி லாரியாக இறங்கிக்கொண்டிருந்த மும்முரத்திலும், சென்னை சம்பந்திகள் படகைப் பார்க்க வந்தார்கள். பார்த்தார்கள், தடவினார்கள், புகழ்ந்தார்கள். கோடு ஒன்றும் இல்லை. ரெனால்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நயீம் பாயைப் பார்த்தார். மீசை தப்பியது என்று மாதாவுக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, சம்பந்தி ஒருவர், இது தண்ணீரில் எப்படிப் போகும் என்று கேட்டுவிட்டார். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. போர்த் தண்ணீர் உப்பாகிவிட்டதால் லாரித் தண்ணீரைச் சேர்த்துவைக்க அவர் புதிதாகக் கட்டிய பெரிய தொட்டி நிறைந்து நின்றது. இதிலேயே விட்டுப் பார்க்கலாம் என்றார்.

ரெனால்ட் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நல்ல நேரம் இல்லை என்றார், அதை முதலாளி கேட்கமாட்டார். தண்ணீர் கெட்டுவிடும் என்றார். கடைசியில், படகுக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்லியே விட்டார். அதற்குச் சம்பந்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினைந்து ஆட்கள் 'ஐலசா' போட்டுத் தூக்கிப் போய்ப் படகைத் தொட்டியில் இறக்கினார்கள். ஜம்மென்று மிதந்தது. சம்பந்தியும் அவர் பேரப்பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள். தொட்டியின் நீளம் அதிகமில்லை என்பதால் படகு இந்தச் சுவரை முட்டி, அந்தச் சுவரை முட்டி, அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றது. எல்லோரும் பயணம் பிரமாதம் என்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெளுத்தது. முதலில் சுண்ணாம்பு என்று நினைத்தார்கள். பிறகு பால் மாதிரித் திரண்டது. படகின் முகப்பில் ஒரு ஓரம் உப்பி, மெல்லக் கழன்று, தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை, ஒரு கிழிசல் இல்லாமல், கிடாவை உரிக்கிற மாதிரி முழுசாக உரிந்து வந்தது. இத்தனை ஜும்மாவின் கேசீனும் ஒரே தோலாகத் தண்ணீரில் விரிந்து மிதந்தது. உரிந்த படகின் மேல் சிலந்தி வலைக் கோடுகள், கோபி பார்த்தபோது இருந்ததைவிடக் கூடுதலாக, பளிச்சென்று தெரிந்தன.

ஆட்கள் படகை விட்டுவிட்டு ரெனால்டைப் பார்த்தார்கள். நயீம் பாய் மட்டும் குனிந்து, மிதந்ததைக் குச்சியால் இழுத்து, தண்ணீரை உதறி, கைகளில் விரித்து, பழக்கதோஷத்தில் வடக்குப் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடிபட்டது கம்மி," என்றார். "ஓரம் மட்டும் மெல்லிசு. செகண்ட்."

"எப்படி செகண்ட்? நல்லாப் பாரு பாய்," என்று ரெனால்ட் பாய்ந்தார். அப்புறம்தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று நினைவு வந்தது.

முதலாளி நல்ல மனுஷர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைத்துக்கொண்டு, பண்டிகை நாளில் பந்தயம் என்ன பந்தயம், போகட்டும் விடு என்றார். நயீம் பாய் ரெனால்டின் முகத்தைப் பார்த்தார். தோலில் தெரியாத குறையைப் பார்க்கிற கண் அது. என்ன தெரிந்ததோ, எனக்கு உன் மீசை வேண்டாம்ப்பா, ஒரு டீ வாங்கிக் கொடு போதும் என்றார். அத்தோடு முடிந்திருக்கலாம். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் செக்‌ஷன் முழுக்க நின்று பார்த்தது. டீ குடித்துத் தீர்த்த பந்தயத்தை நாளைக்கு யார் மதிப்பார்கள்? அவருக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு நடந்தார்.

ஜெயசீலி ட்யூட்டி முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரெனால்ட் நடந்ததை ஆதியிலிருந்து சொன்னார். எலுமிச்சம்பழம்வரை ஒன்றையும் விடவில்லை. அவள் சிரிக்காமல் கேட்டாள். பிறகு எழுந்துபோய்க் கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் ரேசரும் கொண்டுவந்து, அவரை வெளிச்சம் பார்த்து உட்காரச் சொன்னாள். தலையில் ஆபரேஷன் செய்துகொள்கிற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முடி எடுப்பது அவள் வேலையில் ஒன்று. வார்டில் அவள் கையில் ஒரு பிள்ளையும் அழுததில்லை என்பார்கள். ரெனால்ட் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் கூரைக்குக் கீழே இருந்த இடத்தில் காற்றுப் பட்டது. அவள் விரல் அந்தக் கோட்டின் மேல் நின்றது. அவர் செத்துப் பிழைத்தார்.

"காப்பித்தூள் வெச்சி அமுக்கினாங்களா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். எப்படித் தெரியும் என்றார்.

"உள்ள இன்னும் பழுப்பா நிக்குது. அன்னிக்கே நல்லாப் பொளந்து கழுவித் தெச்சிருந்தா, கோடே தெரிஞ்சிருக்காது." ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தாள். "இது இருக்கறது எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும். நீங்க குறட்டை விட்டா மீசை ஒரு பக்கம்தான் தூக்கும்."

ரெனால்டுக்குக் கோபம் வந்தது. இருபது வருஷமாகத் தெரிந்துகொண்டா சும்மா இருந்தாள்? அவர் மறைக்கப் பட்ட பாடெல்லாம்? ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறீர்களே, நடுவில் நான் எதற்கு என்றாள். கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனவள், அடுப்படியில் போய்த்தான் சிரித்தாள். சிரிப்பு வாசல்வரை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கும் சிரிப்பு வந்தது. மூடிக்கொள்ள ஒன்றுமில்லாத உதட்டில் சிரிப்பது முதலில் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை நேராக முதலாளி அலமாரிக்குப் போய் ஜெல்கோட் டப்பாவை எடுத்தார். படகை நான்கு இடத்தில் முட்டுக் கொடுத்து, வெயில் படாமல் கொட்டகைக்குள் வைக்கச் சொன்னார். கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டு முதல் கோட்டின் முன்னால் உட்கார்ந்தார். கை வரவில்லை. வேதத்தை மீறுவது லேசா? ஒரு தடவை சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கீறினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது, படகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோடு எங்கே முடிகிறது என்று அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மறைத்துப் பழகிய கண் அது. நயீம் பாயைக் கூப்பிட்டார்.

நயீம் பாய் சாக்பீஸோடு வந்து, ஒவ்வொரு கோட்டின் நுனியையும் கண்டுபிடித்து வட்டம் போட்டுக்கொண்டே போனார். ரெனால்ட் பின்னாலேயே கீறிக்கொண்டு போனார். இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒரு முழு வேலையைச் செய்ததைப் பார்க்கச் செக்‌ஷனிலிருந்து ஆட்கள் வந்து வந்து போனார்கள். கடைசி வட்டம் போட்டு முடித்ததும் நயீம் பாய் கையில் சாக்பீஸ் மிச்சம் இருந்தது. அவர் பார்வை நிமிர்ந்து ரெனால்டின் உதட்டில் நின்றது. காலையிலிருந்து ஒருவரும் அதைப் பார்க்காத மாதிரியே நடித்துக்கொண்டிருந்தார்கள்.

நயீம் பாய் நடிக்கவில்லை. ரெனால்டின் மோவாயைப் பிடித்து, முகத்தை வடக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழே ஒருமுறை தடவிப் பார்த்தார். ஒரு தோலுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"கீறல் கீது," என்றார். "ஆனா ஆறின கீறல். செகண்ட்ல போலாம்."

இருபது வருஷத்தில் நயீம் பாய் செகண்ட் என்று சொல்லி ரெனால்ட் சண்டைக்குப் போகாதது அன்றைக்கு ஒரு நாள்தான்.